அண்ணனைக் கேட்டாயா?

அருமனையில் தந்தையார் விட்டுச்சென்ற ரப்பர் தோட்டத்தைப் பாகம் பிரிக்க உறவினர் கூடியிருந்தோம். பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றிய என் அண்ணன் திண்ணையில் அமர்ந்திருந்தார். "அவனுக்கு என்ன தெரியும்? நீயே கையெழுத்திடு" என்றார் பெரியவர் ஒருவர். நானும் பேனாவை எடுத்தேன்.

அண்டை வீட்டு ஆசிரியர் தடுத்தார். "தம்பி, பதினெட்டு வயது கடந்தவருக்காக உடன்பிறந்தவரும் தாமாகக் கையெழுத்திட இயலாது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவே இத்தகையோருக்குப் பாதுகாவலரை நியமிக்கும். அக்குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவரும், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் சார்பில் ஒருவரும் இருப்பர். பாதுகாவலர் ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியலும், பின் ஆண்டுதோறும் கணக்கும் ஒப்படைக்க வேண்டும். சொத்தைத் தவறாகக் கையாண்டால் அவரை நீக்கவும் வழியுண்டு" என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும், அண்ணனைக் கேட்டாயா?"

வெட்கித் தலைகுனிந்தேன். அண்ணனின் அருகே அமர்ந்து கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், கிணற்றடியில் அம்மா நட்ட அயனி மரத்தைச் சுட்டி, "வெட்டாதே" என்றார்.

இன்று நான் முறைப்படி நியமிக்கப்பட்ட பாதுகாவலன். அண்ணனின் பங்கு அவர் பெயரிலேயே உள்ளது. அயனியும் நிற்கிறது. அன்பர்களே, நம் இல்லங்களில் இத்தகையோர் இருப்பின், அவர்களுக்காகப் பேசுமுன் அவர்களோடு பேசுவோம்.