பெட்டியிலிருந்து நெஞ்சுக்கு

குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையை, "இனி வீட்டுக்குக் கொண்டு போகலாம்" என்று டொக்டர் சொல்லும் நாள் சந்தோஷமான நாள்தான். ஆனால் அதுவரை பெட்டி செய்த வேலை, மெஷின் செய்த வேலை, இரவு பகலாக மாறி மாறி நின்ற தாதிமார் செய்த வேலை எல்லாம் அன்றைக்கே ஒரே ஒருத்தியின் தலையில் வந்து விழுகின்றன. அவளோ பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. இதைப் பற்றி நம் பெண்கள் மத்தியில் பேச்சு குறைவு. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அரநாயக்க பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழ்கிறேன். கேகாலை மாவட்டத்தில் நம்மவர்கள் ஹட்டன், நுவரெலியா பக்கம் போலக் கூட்டமாக இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவில், தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்களில் சிதறிக் கிடக்கிறோம். என் இரண்டாவது மகள் 2017 ஏப்ரலில், 32ஆவது வாரத்தில் பிறந்தாள். நிறை 1 கிலோ 480 கிராம். 27 நாள் குறைமாதப் பிள்ளைகள் வாட்டில் இருந்தாள். வீட்டுக்கு வந்தபோது 1 கிலோ 850 கிராம். ஒரு கையில் அடங்குகிற பிள்ளை.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. உலகத்தில் பத்துப் பிள்ளைகளில் ஒன்று நாள் நிறையாமல் பிறக்கிறது. 2020இல் அப்படிப் பிறந்தவை 1 கோடியே 34 இலட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. "நீ பாரம் தூக்கினாய், கண்டதைத் தின்றாய்" என்று தாயைக் குற்றம் சொல்வது வழக்கம். பல நேரங்களில் காரணம் டொக்டர்மாருக்கே பிடிபடுவதில்லை. குற்றம் சொல்வதில் செலவாகும் நேரம் பிள்ளையைப் பார்ப்பதில் செலவாகட்டும்.

இந்தப் பிள்ளைகளுக்குத் தோலுக்குக் கீழே கொழுப்பு குறைவு. அதனால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடும் மூன்று வேலையையும் சேர்த்துச் செய்யும் பழக்கம் 34ஆவது வாரமளவில்தான் சரியாக வரும். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் நோய் எதிர்ப்புச் சக்தியில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் போகிறது. ஆகவே வீட்டில் நமக்கு நான்கு வேலைகள்: சூடு, பால், சுத்தம், கவனம்.

முதலில் சூடு. வாட்டிலேயே ஒரு தாதி எனக்குக் கங்காரு முறையைப் பழக்கிவிட்டார். பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, நெப்கின் மட்டும் போட்டு, தாயின் வெறும் நெஞ்சில், இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி வைக்கவேண்டும். கைகால்கள் தவளை மாதிரி மடங்கி இருக்கவேண்டும். முகம் ஒரு பக்கம் திரும்பி, நாடி சற்றுத் தூக்கி இருந்தால்தான் மூச்சு தடைப்படாது. பிறகு சேலைத் துணியால் இறுகக் கட்டி, மேலே சட்டையைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு நாளில் குறைந்தது 8 மணித்தியாலம், முடிந்தால் நாள் முழுவதும். படுக்கும்போது தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து படுக்கவேண்டும். பிள்ளை இரண்டரைக் கிலோ அளவுக்கு வந்து, தானாகவே உதறி வெளியே வரப் பார்க்கும் வரை இதைச் செய்யலாம். நெஞ்சில் இல்லாத நேரம் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்கவேண்டும். சுடுதண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைக்கக்கூடாது. அந்தத் தோல் நொடியில் வெந்துவிடும்.

இந்த முறை பிறந்தது பணக்கார நாட்டில் அல்ல. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் எட்கார் ரே என்ற டொக்டர் தொடங்கியது. அந்த ஆஸ்பத்திரியில் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் போட்டார்கள். கிருமி தொற்றிப் பிள்ளைகள் இறந்தன. வேறு வழியில்லாமல் தாயின் நெஞ்சையே பெட்டியாக்கினார்கள். இந்தியாவின் ஹரியானா மாநிலக் கிராமங்களில் 2015 முதல் 2018 வரை, ஒன்றரைக் கிலோவுக்கும் இரண்டே கால் கிலோவுக்கும் இடைப்பட்ட 8402 பிள்ளைகளை வைத்து இதை வீட்டிலேயே செய்து பார்த்தார்கள். கங்காரு முறை கற்றுக்கொடுத்த வீடுகளில் முதல் மாதத்து மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அந்தத் தாய்மாரும் நம்மைப் போலக் கூலி வேலைக்குப் போகிற, சின்ன வீட்டில் வாழ்கிற பெண்கள்தான்.

என் சித்தி குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்குப் போனது. நான் கங்காரு முறை பற்றிப் போனில் சொன்னபோது சித்தி சொன்னார்: "இதுக்கு ஒரு பேர் வச்சிருக்காங்களா? ஓடுற காலத்துல நாங்க இப்படித்தானடி வச்சிருந்தோம்." பதுங்குகுழியிலும் மர நிழலிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு, நெஞ்சுச் சூட்டைத் தவிரக் கொடுக்க வேறொன்றும் இருக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் பிழைக்கவும் இல்லை. சித்தி அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலருக்கு அந்த மௌனம் புரியும். உங்கள் கை பழகியிருந்த வேலை இன்று உலகம் ஒத்துக்கொண்ட வைத்தியம். 2022இல் உலக சுகாதார நிறுவனம், பிள்ளை பிறந்த உடனேயே இதைத் தொடங்கவேண்டும் என்று எல்லா நாடுகளுக்கும் சொல்லியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மழைக்காலம் வேறு விதமான பயம். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கப்பிட்டிய, பல்லேபாகே கிராமங்கள் மண்ணுக்குள் போயின. அதிலிருந்து மழை பிடித்தால் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. அடுத்த வருடம் மே மாதக் கடைசியிலும் பெரிய மழை. எங்கள் லயத்தாரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். மகள் வீட்டுக்கு வந்து சில நாட்கள்தான். அவளை நெஞ்சோடு கட்டி, மேலே என் மாமியாரின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு கையில் மூத்தவனையும் மறு கையில் குடையையும் பிடித்து நடந்தேன். பெட்டியில் இருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. நெஞ்சில் இருக்கும் பிள்ளையோடு எங்கும் போகலாம்.

அடுத்தது பால். சின்னப் பிள்ளை பசித்தால் அழும் என்று காத்திருக்கக்கூடாது. அழுவதற்கே அதற்குச் சக்தி இருக்காது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அதிகம் போனால் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுப்பியாவது கொடுக்கவேண்டும். உறிஞ்சிக் களைத்துப் போனால் பாலைக் கையால் பீய்ச்சி, கொதிக்க வைத்த சின்னக் கோப்பையாலோ கரண்டியாலோ மெதுவாகக் கொடுக்கலாம். போத்தல் வேண்டாம், கழுவிச் சுத்தமாக வைப்பது கஷ்டம். பீய்ச்சிய பாலை மூடி வைத்து, குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் 4 மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இரும்புச்சத்து, விற்றமின் சொட்டு மருந்து டொக்டர் எழுதிக் கொடுத்தால், சொன்ன அளவில் மட்டும் கொடுக்கவேண்டும்.

சுத்தத்தில் முதல் காரியம் கை கழுவுதல். வாட்டுக்குள் போகும்போது சவர்க்காரம் போட்டுக் கழுவிய அதே கையை வீட்டிலும் கழுவவேண்டும். பார்க்க வருகிற உறவுகளை இஸ்தோப்பிலேயே இருத்தித் தேத்தண்ணி கொடுத்தோம். தடிமன், இருமல் உள்ளவர்களை, "அடுத்த மாசம் வாங்க" என்றோம். சிலர் கோபித்தார்கள். அந்த வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். "என் பிள்ளை, நான்தான் சொல்லணும்" என்றார். ஒரு மருமகள் சொன்னால் திமிராகத் தெரிவது, மகன் சொன்னால் கண்டிப்பாகத் தெரிகிறது. நியாயம் இல்லைதான். ஆனாலும் பிள்ளைக்காக அதையும் பயன்படுத்தலாம்.

வழக்கங்களையும் பேசியாகவேண்டும். சாம்பிராணிப் புகை, நாக்கில் தேன் தொட்டு வைப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது எல்லாம் நம் பெரியவர்கள் அன்பாகச் செய்வது. குறைமாதப் பிள்ளையின் நெஞ்சு புகையைத் தாங்காது. தேன் ஒரு வயதுக்குள் எந்தப் பிள்ளைக்கும் ஆகாது; அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி உடம்பை முடக்கும். என் மாமியாரிடம் இதைச் சண்டையாகச் சொல்லவில்லை. "மாமி, நீங்க நெஞ்சுல வச்சுப் பாருங்க" என்று பிள்ளையை அவரிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை கண் அயர்ந்தது. அன்றிலிருந்து விறகு அடுப்பு எரியும்போது குசினிக் கதவைச் சாத்துவது மாமியாரின் சட்டமாகிவிட்டது. பெரியவர்களுக்குப் பிள்ளைக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற ஆசை. வேண்டாம் என்று மட்டும் சொல்லாமல், செய்யக்கூடிய ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும்.

நான்காவது கவனம். எங்களை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த துண்டில் எல்லாம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வீட்டுக்கு வந்த குடும்பநல மாது, ஒரு சிங்களப் பெண், பக்கத்தில் உட்கார்ந்து, "நங்கி, இத நீ உன் பாஷையில எழுது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்படி எழுதிச் சுவரில் ஒட்டிய தாள்தான் கீழே இருப்பது. இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும் வரை காத்திருக்கக்கூடாது:

பால் குடிக்க மறுத்தால், அல்லது குடிப்பது வெகுவாகக் குறைந்தால்.
ஒரு நிமிடத்தில் 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால், மூச்சு இடையில் நின்றால்.
உடம்பு 37.5 பாகைக்கு மேல் சுட்டால், அல்லது நெஞ்சில் வைத்துக் கட்டியும் குளிர்ந்தே இருந்தால்.
வலிப்பு வந்தால், துவண்டு கிடந்தால், எழுப்பியும் எழும்பாவிட்டால்.
உதடு நீலமானால், உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானால்.
தொப்புள் சிவந்து சீழ் வடிந்தால்.

1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயத்துக்கு மேலே ரோட்டு இல்லாவிட்டால், எந்தச் சந்தியில் நிற்கவேண்டும் என்பதை முன்கூட்டியே வீட்டார் பேசி வைக்கவேண்டும். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு தமிழிலும் அச்சிடப்படுகிறது. கேட்டு வாங்குவது நம் உரிமை.

கிளினிக் திகதிகளைத் தவறவிடக்கூடாது. 32 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கும் பிறந்து நாலு வாரமளவில் கண்ணின் உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். கண்ணின் பின்னால் இரத்தக் குழாய் தாறுமாறாக வளர்ந்தால் பார்வை போய்விடும். நேரத்துக்குக் கண்டால் காப்பாற்றலாம். "பிள்ளை நல்லாத்தானே முழிக்குது" என்று பஸ் காசை நினைத்து நிற்பது ஆபத்து. காது கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசி பிறந்த நாளை வைத்து 2, 4, 6 மாதத்தில் போடவேண்டும். ஆனால் தலை நிற்பது, குப்புறுவது, உட்காருவது எல்லாம் பிறக்கவேண்டிய நாளிலிருந்து கணக்குப் பார்க்கவேண்டும். என் மகள் இரண்டு மாதம் முந்தியவள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொன்னேன்.

இனி தாயைப் பற்றி. சட்டப்படி பிரசவ விடுமுறை 12 வாரம். அதில் 2 வாரம் பிறப்பதற்கு முன், 10 வாரம் பிறந்த பின் என்று கணக்கு. என் மூத்தவனுக்குப் பின் இவள் இரண்டாவது என்பதால் எனக்கு அது முழுதாகக் கிடைத்தது. மூன்றாவது பிள்ளையிலிருந்து 6 வாரம்தான் என்ற பழைய விதி 2018இல்தான் மாறியது. அந்த 10 வாரத்தில் ஏறக்குறைய 4 வாரம் ஆஸ்பத்திரியில் போய்விட்டது. வேலைக்குத் திரும்பவேண்டிய நாளில், பேருக்கு அவள் இரண்டரை மாதப் பிள்ளை. வயிற்றுக் கணக்கில் இரண்டு வாரப் பிள்ளை. அவளைப் பிள்ளை மடுவத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் விடமுடியுமா? சம்பளமில்லாமல் இன்னும் இரண்டு மாதம் வீட்டில் நின்றேன். கணவரின் ஒரு சம்பளத்தில் கடைக் கடன் ஏறியது. விடுமுறையைக் குறைமாதப் பிள்ளைக்கு அதன் ஆஸ்பத்திரி நாட்களைக் கூட்டித் தரவேண்டும் என்று பெண்கள் கேட்கவேண்டும். வேலைக்குப் போன பின், ஒரு வயதுக்குள் பிள்ளை இருக்கும் தாய்க்கு நாளில் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் விடவேண்டும் என்பதும் சட்டம்தான்.

அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் வராது. பிள்ளை தூங்கும்போதும் மூக்கருகில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வாட்டில் அடித்த மெஷின் மணிச் சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். சித்தி சொன்னார், ஷெல் சத்தம் நின்று பல வருடம் ஆன பிறகும் தனக்கு அப்படித்தான் என்று. இது கோழைத்தனமல்ல. அழுகை நிற்காவிட்டால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காவிட்டால், வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றினால், குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். 1926 என்ற இலக்கம் மனநல உதவிக்கென்றே இருக்கிறது.

எனக்குத் தூக்கம் திரும்பி வந்தது மருந்தால் அல்ல, ஆட்களால். எங்கள் லயத்தில் ஆறு வீடு. ஒரு வீட்டு அக்கா காலையில் பீலித் தண்ணீர் பிடித்து வைப்பார். இன்னொருவர் மூத்தவனைத் தன் பிள்ளையோடு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவார். நாத்தனார் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது விறகு கொண்டுவருவாள். கீழே கிராமத்திலிருந்து ஒரு சிங்கள அம்மா வாரத்துக்கு இரண்டு தடவை வல்லாரையும் முருங்கை இலையும் கொடுத்தனுப்புவார். இரவு பத்து மணி முதல் ஒரு மணி வரை என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்வார். முதல் நாள் வெட்கப்பட்டார். மகள் அந்த நெஞ்சின் முடியைப் பிடித்துக்கொண்டு தூங்கிய பிறகு வெட்கம் போய்விட்டது. அந்த மூன்று மணித்தியாலம் நான் தூங்கினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளையைப் பார்க்கப் பலர் முறை வைத்து நிற்கிறார்கள். வீட்டில் மட்டும் அது தாயின் கடமை என்று விட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். சகோதரிகளே, உங்கள் ஊரில், உங்கள் வீட்டுத்திட்டத்தில், குறைமாதப் பிள்ளையோடு ஒருத்தி வந்து இறங்கினால், பிள்ளையின் நிறத்தையும் எடையையும் விசாரிப்பதற்கு முன், "இன்னைக்கு உனக்கு என்ன வேலை இருக்கு, அதை நான் செய்யுறேன்" என்று கேளுங்கள். ஒரு குடம் தண்ணீர், ஒரு கறி, மூத்த பிள்ளைக்கு ஒரு நேரம். கணவர் இல்லாமல் தனியே பிள்ளை வளர்க்கும் பெண்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டுக்கு இரண்டு மடங்கு ஆட்கள் போகவேண்டும். தாயின் நெஞ்சு பிள்ளைக்குப் பெட்டியாக இருக்கட்டும். அந்த நெஞ்சு சும்மா இருப்பதற்கு அவளுடைய கைவேலையை நாம் வாங்கிக்கொள்வோம்.