நாலு மணி நேரம்தான், அக்கா

புந்தோங், ஈப்போ

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது.  

"இந்த வயசில் அவ்வளவு தூரம் எப்படிப்பா வருவது?" என்று போனில் கேட்டீர்கள். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். எழுதி அனுப்பினால் பேரன் படித்துக் காட்டுவான்.

உங்கள் மனதில் இருப்பது 1970-இல் நீங்கள் இங்கிருந்து ஊருக்குப் போன வழி. வேலை பெர்மிட் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் கூட்டங்கூட்டமாகத் தோட்டத்தை விட்டுப் போன நேரம். பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி, மேல்தட்டில் பாய் விரித்து, நாகப்பட்டினம் சேர ஐந்தாறு நாள். சோறு இறங்காமல், அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டே போனதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கப்பலை 1974-லேயே உடைத்துவிட்டார்கள், அக்கா.

இன்று உங்கள் திருச்சியிலிருந்தே கோலாலம்பூருக்கு நேர் விமானம். ஏர் ஏசியாவும் பாத்திக் ஏரும் ஓடுகின்றன. தூரம் சுமார் 2,700 கிலோமீட்டர், பறப்பது நாலு மணி நேரம். இரவு பதினொன்றுக்குக் கிளம்பினால் இங்கு விடிகாலை மூன்று இல்லை, ஐந்தரை ஆகியிருக்கும். ஆறரை மணி நேரமா என்று பயப்படாதீர்கள். நீங்கள் இங்கு இருந்த காலத்தில் நேர வித்தியாசம் இரண்டு மணி. 1982 ஜனவரி 1 முதல் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்ததால் இப்போது இரண்டரை. அதைக் கழித்தால் நாலுதான்.

சென்னையிலிருந்து பினாங்குக்கும் இப்போது நேர் விமானம் உண்டு. அது 2,400 கிலோமீட்டருக்குள். பினாங்கிலிருந்து ஈப்போவும் கிட்டம். ஆனால் நீங்கள் முதலில் சென்னைக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாம். ஆளைக் களைக்க வைப்பது பறக்கும் நேரமில்லை, தரையில் கழிகிற நேரம்தான். அதனால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்கச் சொல்லுங்கள். விமானக் கதவு வரை தள்ளிக்கொண்டு போவார்கள். 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை தங்க விசா கேட்பதில்லை. வருகை அட்டையை மட்டும் இங்கே வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் பேரன் இணையத்தில் நிரப்பிவிடட்டும். இங்கே இறங்கியதும் மருமகன் காரோடு நிற்பான். ஈப்போவுக்கு 260 கிலோமீட்டர் போல. நடுவில் தாப்பாவில் நிறுத்தி இளைப்பாறலாம்.

தோட்டத்தில் இப்போது பால் மரம் இல்லை, எல்லாம் செம்பனை. லயங்களை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. உங்களோடு ஒரே நிரையில் பால் வெட்டிய உங்கள் தோழி சுங்கை சிப்பூட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது. போனபோதெல்லாம், "அக்கா எப்பப்பா வருது?" என்றுதான் முதலில் கேட்கிறார்.

தூரம் நமக்குத் தடையில்லை, அக்கா, தள்ளிப்போடுவதுதான் தடை. இந்த வாரமே பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுங்கள். தீபாவளிக்கு நீங்களும் அத்தானும் இங்கே இருக்க வேண்டும்.

அன்புத் தம்பி