படம் ஓடுது... குரல் எங்கே?

கல்யாண டிவிடியை எம்பி4 ஆக்கினா, போன்ல படம் மட்டும் ஓடுதா? பதறாதீங்க பாஸ்! டிஸ்க்கை விஎல்சி-யில் போட்டுப் பாருங்க. சத்தம் வந்தா, குரல் பத்திரம்.

டிவிடி ஒலி பெரும்பாலும் ஏசி-3 வடிவம். பல போன்களுக்கு அது புரியாது. ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ஆடியோ பகுதிக்குப் போய், சரியான டிராக், ஏஏசி, ஸ்டீரியோ எனத் தேர்ந்தெடுங்க. 'பாஸ்த்ரூ' வேண்டாம், அது ஏசி-3-யை அப்படியே நகலெடுத்துடும். முதல்ல ஒரு சாப்டரை மட்டும் மாத்திக் கேளுங்க.

எங்க அக்கா கல்யாணத்துல வாயை மட்டும் அசைச்ச தாத்தா, இப்படித்தான் 'சாப்பிட்டுட்டுப் போங்கப்பா'ன்னு மறுபடி அதட்டினார். அவர் இப்போ இல்லை. அந்தக் குரல் வேற எங்கேயும் இல்லை.

வீட்டுல எழுதின டிவிடி நாளாக நாளாகக் கெட்டுப்போகும். பரண்ல இருக்கிறதை இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுங்க!