உம்மாவின் சீனி வருத்தமும் நாங்கள் வாங்கிக் கொடுத்த பவுடரும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சீனி வருத்தக்காரர் யாரும் இருந்தால் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

போன வருடம் பெருநாள் முடிந்து இரண்டு கிழமையில் எங்கட உம்மா கிளினிக் குளிசையை நிறுத்தினா. உண்மையைச் சொன்னால் நிறுத்தியது நாங்கள். வட்ஸ்அப் குறூப்பில் ஒரு விளம்பரம் வந்தது. பசி ஓமோனை இயற்கையாகச் சீராக்கும் மூலிகைப் பவுடராம், குளிசையும் வேண்டாம் ஊசியும் வேண்டாமாம். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஓமோன் பாடம் படிப்பிக்கிற நாங்களே ஒரு போத்தல் வாங்கினோம். இரண்டு குறூப்புக்கு அனுப்பியும் விட்டோம்.

மூன்றாம் கிழமை உம்மாவுக்கு அடங்காத தாகம். இரவில் நாலைந்து தரம் எழும்பினா. கண் மங்குது என்று சொன்னா. ஆஸ்பத்திரியில் பார்த்தால் சீனி 386. வார்டில் நாலு நாள்.

"குளிசை ஒழுங்காப் போட்டீங்களா உம்மா?" என்று டொக்டர் கேட்டார். உம்மா எங்கட முகத்தைப் பார்த்தா. "மறந்துபோச்சு மகன்" என்றா. எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த வார்த்தை இன்றைக்கும் எங்கட நெஞ்சில் கிடக்கிறது. வார்டை விட்டு வெளிக்கிட முதலே டொக்டரிடம் உண்மையைச் சொன்னோம்.

அதற்குப் பிறகுதான் இந்த விசயத்தை ஒழுங்காகப் படித்தோம். பசியை ஆளும் ஓமோன்கள் இருக்கின்றன, அது பொய்யில்லை. வயிறு வெறுமையாகும்போது இரைப்பையிலிருந்து கிரெலின் சுரந்து மூளைக்குப் பசி என்று சொல்கிறது. 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. நாம் வழமையாகச் சாப்பிடும் நேரத்தில் அது கூடும், பிறகு சாப்பிடாவிட்டாலும் தானாகக் குறையும். முதல் நோன்பில் பத்து மணிக்கு வயிற்றைக் கிள்ளும் பசி கொஞ்ச நேரத்தில் அடங்குவது ஏன் என்று இப்போது விளங்குகிறது.

சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் ஜிஎல்பி-1 என்ற இன்னொரு ஓமோன் சுரக்கும். போதும் என்று மூளைக்குச் சொல்லும், இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், இன்சுலினுக்கும் உதவும். ஆனால் உடம்பில் சுரப்பது இரண்டு மூன்று நிமிடத்தில் சிதைந்துவிடும். இப்போது எல்லோரும் கதைக்கிற செமகுளுடைட் ஊசி, ஒரு கிழமை வரை நிற்கும்படி மாற்றிச் செய்த அதன் நகல். அந்த வேலையை எந்த இலையும் எந்தப் பவுடரும் செய்யாது. எங்களை ஏமாற்றிய இடம் இதுதான்.

அப்படியென்றால் சாப்பாட்டால் பிரயோசனமே இல்லையா? இருக்கிறது. நார்ச்சத்தும் புரதமும் இந்த ஓமோன்களுக்குக் கைகொடுக்கும். நாரைப் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் அமிலங்கள் ஜிஎல்பி-1 சுரக்கத் தூண்டுகின்றன. புரதம் கிரெலினைத் தணிக்கும்.

உம்மாவின் காலைச் சாப்பாடு முன்பு பத்து வெள்ளை இடியப்பம், சொதி, சீனி போட்ட தேத்தண்ணி. பத்து மணிக்குத் திரும்பப் பசி, ஒரு பணிஸ். இப்போது அவித்த பயறு அல்லது கௌபி, ஒரு முட்டை. இடியப்பம் என்றால் குரக்கன் மாவில் மூன்று. பகலில் முதலில் வல்லாரைச் சம்பல் அல்லது முருங்கை இலைச் சுண்டல், பிறகு மீன், கடைசியில்தான் சிவப்பரிசிச் சோறு. இந்த ஒழுங்கில் சாப்பிட்டால் சீனி ஏறுவது குறையும். முதல் கிழமை "என்னை ஆடாக்கிட்டீங்க" என்று ஏசினா. இப்போது சுண்டல் இல்லாவிட்டால் கேட்கிறா.

வெந்தயம் ஊறினால் வழவழப்பாகிறதே, அது கரையும் நார். அதனால் வயிறு நிறைந்தது போல இருக்கும். குறிஞ்சா இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டுப் பாருங்கள், மணல் மாதிரி இருக்கும். நாக்கில் இனிப்பு தெரிவதைக் கொஞ்ச நேரம் தடுத்துவிடும். எங்கட வகுப்பில் பிள்ளைகள் வாய்பிளந்து நின்ற பரிசோதனை அது. ஆனால் கவனம். குளிசை போடுகிறவர்கள் இவற்றை மருந்து மாதிரி அளவு கூட்டி எடுத்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். கிளினிக்கில் சொல்லிவிட்டு எடுங்கள்.

இன்னொன்று நித்திரை. 2004இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், 12 இளைஞர்கள் இரண்டு இரவு நாலு மணித்தியாலம் மட்டும் படுத்தார்கள். போதும் என்று சொல்லும் லெப்டின் 18 வீதம் குறைந்தது, கிரெலின் 28 வீதம் கூடியது. இஷாவுக்குப் பிறகு கொத்துக் கடையிலும், அதற்குப் பிறகு போனிலும் இருக்கிற எங்கட ஊருக்கு இது போதுமான செய்தி.

வயிற்றில் மூன்றில் ஒன்றை மூச்சுக்கு விடச் சொன்ன நபிமொழி எல்லோருக்கும் தெரியும். கலியாண வீட்டுச் சஹனில் உட்கார்ந்ததும்தான் மறந்துபோகிறது.

உம்மாவுக்கு இப்போது ஆறு மாதமாகச் சீனி கட்டுக்குள் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். குளிசை நிற்கவில்லை. கூடவும் இல்லை. எங்களுக்கு அது போதும்.

இந்தப் பதிவை எழுதியதற்குக் காரணம் ஒன்றுதான். அந்த விளம்பரம் இன்னும் சுற்றுகிறது. நாங்கள் அனுப்பியதை நம்பி யாரும் வாங்கியிருந்தால் எங்களை மன்னியுங்கள். குளிசையை நிறுத்தியிருந்தால் நாளைக்கே கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள். டொக்டர் ஏசுவார் என்று பயப்பட வேண்டாம். தனியாகப் போக வெட்கமாக இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம்.