மோதப்போவது கண்ணுக்கு அசையாது



நம் பள்ளியில் படித்து இப்போது ஜெர்மனியில் வேலை செய்யும் மாணவி ஒருத்தி, வார விடுமுறைகளில் எஞ்சின் இல்லாத விமானம் ஓட்டப் பழகுகிறாள் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். பலரும் வாழ்த்துச் சொன்னீர்கள். ஒரகடத்தில் வேலை பார்க்கும் ஒருவர் மட்டும், "மேலே ரெண்டு பேர் எதிரெதிரே வந்தா ஹாரன் அடிப்பாங்களா சார்?" என்று கேட்டிருந்தார். விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இரண்டு நாள் அவளிடமே பாடம் கேட்டேன். கேட்டதை எழுதுகிறேன்.

முதலில் கிளைடர் எப்படிப் பறக்கிறது என்று பார்ப்போம். மே மாத நண்பகலில் ஒரகடத்துத் தொழிற்சாலைக் கூரைகளுக்கு மேலே பருந்துகள் இறக்கை அடிக்காமல் வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சூடேறிய தகரக் கூரையிலிருந்தும் வறண்ட ஏரிப் படுகையிலிருந்தும் வெப்பக்காற்று தூண்போல எழும்பும். பருந்து அதற்குள் சுற்றிச் சுற்றியே மேலே போய்விடும். கிளைடரும் அதைத்தான் செய்கிறது. சிறு விமானம் ஒன்று கயிறு கட்டி இழுத்துப்போய் உயரத்தில் விட்டுவிடும். பிறகு காற்றுத் தூணைத் தேடிப் பிடிப்பது ஓட்டுபவர் பாடு. நல்ல தூண் ஒன்று கிடைத்தால் நாலைந்து கிளைடர்கள் அதற்குள்ளேயே சேர்ந்து சுற்றும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

"கண் இருக்கிறதே, பார்த்து விலகிப்போக வேண்டியதுதானே" என்று தோன்றும். இங்கேதான் நம் பிளஸ் ஒன் பாடம் வருகிறது. சார்புத் திசைவேகம் நினைவிருக்கிறதா? இரண்டு பொருள்கள் நேர்கோட்டில், மாறாத வேகத்தில், ஒரே புள்ளியை ஒரே நேரத்தில் அடையப்போகின்றன என்று வையுங்கள். ஒன்றில் இருந்து பார்த்தால் மற்றது எப்போதும் ஒரே கோணத்திலேயே தெரியும். இடப்பக்கமும் நகராது, வலப்பக்கமும் நகராது. கப்பலோட்டிகள் இதை வெகுகாலமாக அறிவார்கள்: திசை மாறாமல் நெருங்கி வரும் கப்பல்தான் மோதும் கப்பல். நம் கண்ணோ அசைவைப் பிடிக்கப் பழகியது. அசையாத புள்ளியை, கண்ணாடியில் ஒட்டிய தூசுபோல விட்டுவிடும். விலகிப் போகிறவன் அசைந்து கண்ணில் படுவான். மோதப்போகிறவன் அசையாமல் பெரிதாகிக்கொண்டே வருவான்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். இரண்டு கிளைடர்கள் நேரெதிராக, தலா மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. நெருங்கும் வேகம் 200 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு சுமார் 55 மீட்டர். இடையே ஒரு கிலோமீட்டர் இருந்தால் கையில் இருப்பது 18 நொடி. முன்னாலிருந்து பார்த்தால் கிளைடரின் உடல் ஒரு மீட்டர் அகலம்கூட இராது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அது, கையை நீட்டிப் பிடித்த ஒரு கடுகை விடவும் சிறியதாகத் தெரியும். எதிரே வருவதைக் கண்டு, புரிந்து, முடிவெடுத்து, திருப்பி, விமானம் உண்மையிலேயே விலகத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 12.5 நொடி ஆகும் என்று அமெரிக்க விமானத் துறையின் அறிவுரைக் குறிப்பு சொல்கிறது. அதற்குள் இருவரும் சுமார் 700 மீட்டர் நெருங்கிவிடுவார்கள். மிச்சம் ஐந்தரை நொடி. அந்தக் கடுகை முதல் ஐந்தரை நொடிக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

அந்த ஐந்தரை நொடிக்காகத்தான் ஒரு சின்னப் பெட்டி வந்தது. 2004-இல் சுவிட்சர்லாந்தில், கிளைடர் ஓட்டும் பொறியாளர்களே தங்களுக்காகச் செய்துகொண்டது. பெயர் ஃப்ளார்ம். ஜிபிஎஸ் மூலம் தான் இருக்கும் இடத்தையும், காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் அறியும். அடுத்த இருபது நொடியளவுக்கு, சுற்றும்போது வளையும் பாதையையும் சேர்த்து, எங்கே போய்ச் சேருவோம் என்று கணக்கிடும். அதை நொடிக்கு ஒரு முறை ரேடியோவில் ஒலிபரப்பும். பக்கத்தில் பறப்பவரின் பெட்டியும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு பாதைகளும் முட்டும்போல இருந்தால் மட்டும் கத்தும். பக்கத்தில் யார் வந்தாலும் கத்துகிற பெட்டியாக இருந்தால், ஐந்து பேர் சுற்றும் காற்றுத் தூணுக்குள் அது ஓயவே ஓயாது.

அவள் அதை எப்படி இயக்குகிறாள் என்று கேட்டேன். கிளம்புமுன் பெட்டியைப் போட்டு, விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா, ஜிபிஎஸ் கிடைத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். தன்னுடையது கிளைடரா, இழுவை விமானமா, ஹெலிகாப்டரா என்று பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பறக்கும் விதம் வேறு, ஆகவே கணக்கும் வேறு. வருடத்துக்கு ஒரு முறையாவது அதன் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத பெட்டிக்கு மற்றவர் பேசுவது விளங்காமல் போகலாம். ஆன்டெனாவுக்கு முன்னால் எதையும் வைக்கக் கூடாது. உடல் கார்பன் இழையால் ஆனதென்றால் அது ரேடியோ அலையைத் தடுக்கும், ஆகவே ஆன்டெனாவின் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேலே போனபின் வேலை இன்னும் எளிது, இன்னும் கடினம். பெட்டியின் முகத்தில் வட்டமாகச் சின்ன விளக்குகள் இருக்கின்றன. எந்தப் பக்கத்து விளக்கு எரிகிறதோ அந்தப் பக்கம் ஆள். மேலேயா கீழேயா என்று காட்ட இன்னொரு வரிசை. நேரம் குறையக் குறைய 'பீப்' ஒலி வேகமாகும். ஒரு பார்வை விளக்கின் மேல், உடனே கண் வெளியே போய்விட வேண்டும். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று அந்தப் பெட்டி சொல்லாது.

"சார், இது கண்ணு இல்ல சார். 'அந்தப் பக்கம் பாரு'ன்னு தோளைத் தட்டுற கை, அவ்வளவுதான். பெட்டியவே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா வாத்தியார் திட்டுவாரு" என்றாள். அங்கேயும் ஒரு வாத்தியார் திட்டிக்கொண்டிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

"பெட்டி சும்மா இருந்தால் வானம் காலி என்று அர்த்தமா?" என்று கேட்டேன். "இல்ல சார். பெட்டி வெச்சிருக்கிறவங்க யாரும் முட்டப்போறதில்லன்னு மட்டும்தான் அர்த்தம்" என்றாள். இந்தப் பதிலுக்கு நூற்றுக்கு நூறு போட்டேன். தன்னைப் பற்றிச் சொல்கிறவனை மட்டும்தான் அந்தப் பெட்டிக்குத் தெரியும். பறவைக்குப் பெட்டி கிடையாது. பெட்டியை அணைத்து வைத்திருப்பவனும் அதற்குப் பறவை மாதிரிதான்.

பெரிய விமானங்களில் இருக்கும் டீகாஸ் என்ற கருவிக்கும் இதே குறை உண்டு. அது சுற்றியுள்ள விமானங்களைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும். பதில் சொல்லும் கருவி எதிராளியிடமும் இருந்தாக வேண்டும். 1986 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்காவில் செரிட்டோஸ் என்ற ஊருக்கு மேலே, ஏரோமெக்ஸிகோ பயணிகள் விமானமும் பைப்பர் என்ற சிறு விமானமும் மோதி, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 82 பேர் இறந்தார்கள். சிறு விமானத்தில் இருந்த கருவி, தன் உயரத்தைச் சொல்லும் வகையைச் சேர்ந்தது அல்ல. அதற்குப் பிறகுதான் பெரிய விமானங்களில் டீகாஸ் இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

நம் நாட்டில் அது கட்டாயமாக வேறொரு துயரம் நடக்க வேண்டியிருந்தது. 1996 நவம்பர் 12, மாலை. டெல்லியிலிருந்து தஹ்ரானுக்குக் கிளம்பிய சவூதி விமானம் 14,000 அடியில் நிற்க வேண்டும். டெல்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்களில் பலர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம்மவர்கள். நம்மில் எத்தனை வீட்டிலிருந்து அந்தப் பக்கம் பிழைக்கப் போயிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கருவி இருந்தாலும் போதவில்லை என்பதற்கு இன்னொன்று. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன். ரஷ்யாவிலிருந்து வந்த பயணிகள் விமானம் ஒன்று, சரக்கு விமானம் ஒன்று. இரண்டிலும் டீகாஸ் இருந்தது, இரண்டும் சரியாகவே வேலை செய்தன. பயணிகள் விமானத்துக்கு 'ஏறு' என்றது, சரக்கு விமானத்துக்கு 'இறங்கு' என்றது. அதே நேரத்தில் தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் பயணிகள் விமானத்தை இறங்கச் சொன்னார். அவர்கள் மனிதக் குரலை நம்பினார்கள். இரண்டும் சேர்ந்து இறங்கின. 71 பேர் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் விடுமுறைக்குக் கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள். வாத்தியாராக இருந்தவனால் இந்த வரியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை. கருவி ஒன்றும் ஆள் ஒன்றும் சொன்னால் எதைக் கேட்பது என்பது அதற்கு முன் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெளிவாக இல்லை. டீகாஸ் கட்டளையிட்டால் அதைத்தான் கேட்க வேண்டும் என்ற விதி அதன் பிறகே உலகமெங்கும் உறுதியானது.

இதையெல்லாம் நமக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நம் பகுதியின் வானமும் தரையும் நெரிசலாகிக்கொண்டே வருகின்றன. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் நம் தலைக்கு மேலே போகின்றன. தாம்பரத்தில் விமானப்படையின் பயிற்சி விமானங்கள் பறக்கின்றன. வல்லம் வடகாலில் வானூர்திப் பூங்கா வந்திருக்கிறது. உங்களில் சிலர் விமானப் பாகங்களைக் கடைந்து கொடுக்கிறீர்கள். ஆனால் உங்களில் மிகப் பலர் தினமும் முட்டிக்கொள்ளும் ஆபத்தில் இருப்பது தரையில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கிடங்கில் நடந்தது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றான். ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது கத்த வேண்டிய பஸ்ஸரின் வயரை, காது வலிக்கிறது என்று யாரோ பிடுங்கி வைத்திருக்கிறார்கள். சத்தம் இல்லாததால் வண்டி நிற்கிறது என்று நினைத்து இவன் குறுக்கே நடந்திருக்கிறான். காலில் கம்பி வைத்தார்கள். ஒரு வருடம் வேலை போயிற்று. ஓட்டியவனும் என் மாணவன்தான். வயரைப் பிடுங்கியது அவனில்லை. ஆனாலும் இன்றுவரை அவனுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பொங்கலன்று இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ஒருவன் தாங்கித் தாங்கி நடக்க, இன்னொருவன் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

அந்த எச்சரிக்கை ஒலி ஓட்டுகிறவனுக்கு வேண்டுமானால் தொந்தரவு. அது இருப்பது எதிரே நடக்கிறவனுக்காக. கிளைடர் பெட்டியும் அப்படித்தான். அதில் பாதி வேலை கேட்பது, பாதி வேலை "நான் இங்கே இருக்கிறேன்" என்று அடுத்தவனுக்குச் சொல்வது. அணைத்து வைப்பவன் தன் காதை மட்டும் மூடிக்கொள்வதில்லை, அடுத்தவன் கண்ணையும் மறைக்கிறான்.

ஆகவே மூன்று விஷயம். வண்டியில் எச்சரிக்கை ஒலி, பின்விளக்கு, இண்டிகேட்டர் எது கெட்டிருந்தாலும் உடனே சரிசெய்யுங்கள். புதுக் காரில் மோதல் எச்சரிக்கை வசதி இருந்தால், அது கத்தும்போது திரையைப் பார்க்காமல் சாலையைப் பாருங்கள். சிங்கப்பெருமாள்கோயில் சாலையிலோ வாலாஜாபாத் சாலையிலோ சந்திப்பை நெருங்கும்போது, ஓரக்கண்ணில் ஒரு கண்டெய்னர் லாரி அசையாமல் நின்ற மாதிரியே பெரிதாகிக்கொண்டு வந்தால், அது உங்களைத்தான் நோக்கி வருகிறது. வேகத்தைக் குறையுங்கள். காரின் முன்தூண் மறைக்கும் பக்கத்தைத் தலையைக் கொஞ்சம் முன்னே சாய்த்துப் பாருங்கள். அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு பைக்காரன் முழுசாக மறைந்துவிடுவான்.

உங்கள் ஷெட்டில் எங்காவது ஒரு பஸ்ஸர் வயர் கழன்று தொங்கினால் நாளை முதல் ஷிப்டிலேயே மாட்டச் சொல்லுங்கள். மேலதிகாரி முகம் சுளித்தால், எங்கள் இயற்பியல் வாத்தியார் சொன்னார் என்று சொல்லுங்கள். மாட்டியபின் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த இருவருக்கும் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்