தொப்பூரில் அணைந்த விளக்கு

டிசம்பர் 16, செவ்வாய்

ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் வண்டி நின்றது. நாக்பூர் போய்த் திரும்பிய பத்துச் சக்கர லாரி. டிரைவர் கண் சிவந்து, படியில் உட்கார்ந்திருந்தார்.

"தொப்பூர் இறக்கத்துல ரெண்டு லைட்டும் ஒண்ணா போயிருச்சுங்கண்ணா. முன்னால போன டேங்கரோட சிவப்பு லைட்டைப் பார்த்துக்கிட்டே இறங்கி வந்தேன்."

ஹெட்லைட் இரண்டும் ஒரே நொடியில் போனால் பல்பில் குற்றமில்லை. பம்பருக்குக் கீழே குனிந்தேன். புத்தம்புது ஃபாக் லாம்ப் இரண்டு. போகிற வழியில் ஒரு கடையில் அரைமணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தார்களாம். எங்கே கை வைத்திருப்பார்கள் என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது. பிரைட் ஒயரைச் சுரண்டி, ஃபாக் லாம்ப் ஒயரை முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். சால்டர் இல்லை, பியூஸ் இல்லை.

டேஷ்போர்டைக் கழற்றியதும் கருகிய வாடை. ஸ்விட்சின் வெள்ளைப் பிளாஸ்டிக், தோசைக்கல் ஓரம் போலப் பழுப்பேறி ஒரு பக்கம் உருகிச் சாய்ந்திருந்தது. ஒயரை மடக்கினேன், மேலுறை முறுக்கு மாதிரி நொறுங்கியது. தொப்பூருக்குப் பிறகு சூடு ஆறி, எப்படியோ திரும்ப எரிந்திருக்கிறது. அதனால்தான் ஆள் ஊர் வந்து சேர்ந்தார்.

டிசம்பர் 17, புதன்

ஸ்விட்சை மாற்றுவதற்கு முன் கடைப் பையனுக்குக் காட்ட வேண்டுமென்று, உருகினதையே தட்டி நிமிர்த்தி ஒரு நிமிஷம் எரியவிட்டேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 27.8 வோல்ட். ஹெட்லைட் ஹோல்டரில் 23.8. நாலு வோல்ட் வழியிலேயே காணோம்.

கணக்கு சுலபம். பிரைட்டில் பல்பு ஒன்றுக்கு 75 வாட். இரண்டுக்கும் சேர்த்து 24 வோல்ட்டில் ஆறேகால் ஆம்பியர். ஃபாக் லாம்ப் 70 வாட் வீதம் இரண்டு. அதுவும் ஏறக்குறைய ஆறு. ஆறுக்குப் போட்ட ஸ்விட்ச் பன்னிரண்டைச் சுமந்திருக்கிறது. காணாமல் போன நாலு வோல்ட்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 48 வாட். "நம்ம சால்டரிங் அயர்ன் எவ்வளவுடா?" என்றேன். பையன் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தான். 50.

வெளிச்சமும் போகும். ஹாலஜனில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறைந்துவிடும். ஆக, கூடுதல் விளக்கு மாட்டி, இருந்த விளக்கையும் மங்க வைத்திருக்கிறார்கள்.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறு ஒன்றுக்கு. ஃபாக் லாம்ப்பைப் போய் யாராவது பிரைட்டோடு சேர்ப்பார்களா? பனியில் பிரைட் போட்டால் கண்ணெதிரே வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்ட மாதிரிதான் தெரியும். அதனால்தான் டிம் போட்டு, கீழே தாழ்வாக ஃபாக் எரிய வேண்டும். இவர்கள் வேலையில், டிம் அடித்தால் ஃபாக் அணைந்துவிடும். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர்ப் பக்கம் மார்கழி விடிகாலையில் ஓட்டினவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

டிசம்பர் 18, வியாழன்

இன்று முழுக்க இந்த ஒரு வண்டிதான்.

பேட்டரியிலிருந்து ஃபாக் லாம்ப்புக்குத் தனியாக 2.5 ஸ்கொயர் ஒயர். பேட்டரியை விட்டு ஒரு ஜாண் தள்ளி 10 ஆம்பியர் பியூஸ். பியூஸை விளக்குப் பக்கத்தில் வைத்துப் பிரயோஜனமில்லை. நடுவில் ஒயர் சேசிஸில் உரசித் தோல் உரிந்தால் காப்பாற்ற ஆளிருக்காது. அந்த ஒயர் ரிலேயின் 30-ல் ஏறி, 87-லிருந்து விளக்குக்குப் போகிறது. டிம் ஒயரிலிருந்து சின்ன டாகிள் ஸ்விட்ச் வழியாக 86. 85 எர்த். டிம் ஒயர் ரிலேயை இழுத்துவிடுகிற வேலையை மட்டும் செய்யும். அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம்.

பையன் வாங்கி வந்த ரிலேயை மாட்டினோம். பத்து நிமிஷத்தில் கை வைக்க முடியாத சூடு. திருப்பிப் பார்த்தால் 12 வோல்ட். பார்க்க அச்சாக ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு மடங்கு வோல்ட் கொடுத்தால் காயிலில் நாலு மடங்கு சூடு.

"ரெண்டு பேட்டரியில ஒண்ணுல இருந்து மட்டும் எடுத்துக்கலாமுங்களா?" என்றான். பாட்டு செட்டுக்கு அப்படி எடுத்து, ஒரு பேட்டரி மட்டும் செத்துப்போன வண்டிகள் எத்தனை வந்திருக்கின்றன! ஓடிப்போய் 24 வாங்கி வரச் சொன்னேன்.

எர்த்துதான் நேரத்தைத் தின்றது. பழைய எர்த் போல்ட்டில் துரு, அதன்மேல் பெயிண்ட். கழற்றி, உப்புக் காகிதம் போட்டு இரும்பு பளபளக்கத் தேய்த்து, புது லக் வைத்து முடுக்கினோம். இப்போது ஹோல்டரில் 27.3.

இருட்டியதும் எதிர்ச் சுவரில் அடித்துப் பார்த்து, ஃபாக் லாம்ப் முகத்தைக் கீழே இறக்கினேன். டிரைவருக்குத் திருப்தியில்லை. கேபின் மேலே வெள்ளை எல்.இ.டி. வரிசை ஒன்று வேண்டுமாம். "எஃப்.சி.க்குப் போனா பிரேக் இன்ஸ்பெக்டர் கழட்டச் சொல்லுவாருங்க" என்றேன். எதிரே வருகிறவன் கண் அவிந்துபோகும் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. இன்ஸ்பெக்டர் பேரைச் சொன்னால் கேட்கிறார்கள்.

டிசம்பர் 20, சனி

விடிகாலை நாலரைக்குப் போன். ஓசூரில் நிற்கிறாராம்.

"பனி கொட்டுதுங்கண்ணா. லைட்டு ஜம்முனு இருக்குது. ஆனா ஹாரன் அடிக்கல."

தூக்கம் கலைந்தது. அந்த எர்த் போல்ட்டில் மூன்று ஒயர் இருந்தது; பையன் மாட்டினது எத்தனை என்று நான் எண்ணவில்லை.

"முன் கிரில்லைத் திறங்க. ரிலே பக்கத்துல கறுப்பு ஒயர் ஒண்ணு தொங்குதா பாருங்க."

"தொங்குதுங்க."