பம்பர் கிடைச்சாச்சு, பிராக்கெட் எங்கே?

பழைய கார் பைத்தியங்களில் பல ரகம் உண்டு. எஞ்சினுக்காக உயிரை விடுபவர்கள் ஒரு கூட்டம். பெயின்ட் பளபளப்புக்காக சனி ஞாயிறு முழுக்கத் துடைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு கூட்டம். மூன்றாவதாக ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. காரில் கம்பெனி மாட்டிவிட்ட பம்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே காரின் முந்தைய வருஷத்துப் பம்பரைத் தேடிப்பிடித்து மாட்டுகிற கூட்டம். வேலை இல்லாதவன் வேலை என்று சிரிக்கத் தோன்றும். கதையைக் கேட்டால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

டாட்சன் 240இசட் என்று ஒரு கார். ஜப்பானில் இதற்குப் பெயர் ஃபேர்லேடி இசட். 1969 கடைசியில் அமெரிக்காவுக்கு வந்தபோது ஆரம்ப விலை 3,526 டாலர். ஆறு சிலிண்டர், நீளமான மூக்கு, ஒல்லி உடம்பு. முன்னால் ஒரு மெல்லிய குரோம் பம்பர், கண்ணுக்கு மை இட்ட மாதிரி. நிசானின் அமெரிக்கப் பிரிவை நடத்திய யுடாகா கடயாமா, அந்த 'ஃபேர்லேடி' என்ற பெயர் அமெரிக்காவில் எடுபடாது என்று சண்டை போட்டு வெறும் நம்பரை வைத்தார். (மனிதர் 2015-ல் தன் 105-வது வயதில்தான் காலமானார்.)

அப்புறம் வந்தது சட்டம். 1973 மாடலிலிருந்து, மணிக்கு 5 மைல் (8 கி.மீ.) வேகத்தில் சுவரில் முட்டினாலும் ஹெட்லைட், பெட்ரோல் லைன் மாதிரி சமாச்சாரங்களுக்கு முன்பக்கம் சேதம் வரக்கூடாது என்றது அமெரிக்க அரசு. பின்பக்கத்துக்கு முதலில் பாதி வேகம், அடுத்த வருஷம் அதுவும் 5 மைல். தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்துக்குள் எல்லா கார் பம்பரும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும் என்பதும் கணக்கு. கம்பெனிகள் என்ன செய்யும்? பம்பரைக் கனமாக்கி, அதன் பின்னால் ஷாக் அப்சார்பர் மாதிரி உருளைகளை வைத்து, அரை அடி வெளியே தள்ளிவிட்டன. 1975-ல் வந்த 280இசட்டைப் பார்த்தால் ஒல்லிப்பிச்சான் மாப்பிள்ளைக்குப் பெரியப்பாவின் கோட்டை மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். எஞ்சின், பம்பர், கதவுக்குள் வைத்த கம்பி எல்லாம் சேர்த்து வண்டியின் எடையும் 240-ஐவிட ஏறக்குறைய 200 கிலோ கூடிப்போனது.

1982-ல் இதே அரசு, 'இந்த பம்பருக்கு ஆகும் செலவும் எடையும், மிச்சமாகும் ரிப்பேர் செலவைவிட அதிகம்' என்று கணக்குப் போட்டு 5 மைலை 2.5 மைலாகக் குறைத்தது. இன்சூரன்ஸ் தரப்பு அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே பம்பர், இரண்டு பேலன்ஸ் ஷீட்! காஸ்டிங் படிக்கிற பசங்களுக்கு நல்ல கேஸ் ஸ்டடி. ஆனால் 1973-க்கும் 1982-க்கும் நடுவில் பிறந்த கார்கள் பாவம், அந்தக் கோட்டோடேயே நிற்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருவோம். 280இசட் வைத்திருப்பவர் 240-ன் பம்பரை வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையது கிடைக்காவிட்டால் வியட்நாமில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிதாகவே அடித்துத் தருகிறார்கள். பார்சல் வந்தாச்சு. கொண்டுபோய் வண்டி முன்னால் பிடித்துப் பார்த்தால்... போல்டு போட இடமே இல்லை. ஒரே குடும்பத்துக் கார்தான், ஆனால் பம்பர் வந்து உட்காரும் இடம் வேறு. நடுவில் இருக்கிற காற்றை இரும்பால் நிரப்ப வேண்டும். அதுதான் பிராக்கெட்.

முதலில் கழற்றும் வேலை. இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தக் காலத்து வண்டிகளில் பம்பருக்குப் பின்னால் இருக்கும் உருளைகள் பலவற்றுக்குள் எண்ணெயும் அழுத்தப்பட்ட வாயுவும் இருக்கும். நட்டு துருப்பிடித்துக் கழலவில்லை என்று அதில் கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்குவதோ, ட்ரில் போடுவதோ கூடவே கூடாது. கார் தீப்பிடித்தால் பம்பருக்கு நேர் எதிரே நிற்காதே என்று தீயணைப்பு வீரர்களுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். சூட்டில் வெடித்து பம்பரையே எறிந்துவிடும். துருவுக்கு எண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி காத்திருப்பது உத்தமம்.

அடுத்தது அளவு. புதுசாகச் செய்பவர்கள் எல்லோரும் முதலில் பிராக்கெட்டைச் செய்துவிட்டு அப்புறம் பம்பரை மாட்டப் பார்ப்பார்கள். தலைகீழ். பம்பரை முதலில் அதன் இடத்தில் நிறுத்த வேண்டும். மரக்கட்டை, ஜாக்கி, பழைய டயர், எது கிடைத்தாலும் முட்டுக் கொடுத்து, குரோம் கீறாமல் துணி சுற்றி, கண் ஒப்புக்கொள்ளும் இடத்தில் நிறுத்திவிட்டு, பத்தடி தள்ளி நின்று பார்த்து, மறுபடி நகர்த்தி... இதற்கே ஒரு சாயங்காலம் போய்விடும். போகட்டும். ரசமட்டம் மட்டும் வைத்து ஏமாறக்கூடாது, ஏனென்றால் வண்டி நிற்கும் தரையே சாய்வாக இருக்கலாம். தூக்குக்குண்டு விட்டு இரண்டு பக்கமும் தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்து, நடுக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். ஐம்பது வருஷ வண்டி. எப்போதோ யாரோ எங்கேயோ இடித்திருப்பார்கள், இடதும் வலதும் ஒன்றாக இருக்காது. அந்த 4 மி.மீ. வித்தியாசத்தை பம்பருக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே கனமுள்ள மரச்சில்லுகளை இடைவெளியில் சொருகி வைத்துக்கொள்வது நல்ல வழி.

இப்போது அட்டைப்பெட்டியும் கத்தரிக்கோலும். எஞ்சினியர்கள் கம்ப்யூட்டரில் 'கேட்' என்று வரைவார்களே, அமெரிக்க கராஜ்களில் அதற்கு 'கார்ட்போர்ட் எய்டட் டிசைன்' என்று கிண்டலாக விரிவாக்கம் சொல்வார்கள் :-) கிண்டல் என்றாலும் உண்மை. அட்டையை வெட்டி, மடித்து, ஓட்டை இடத்தைப் பேனாவால் குத்தி, சரியாக வரும் வரை நாலைந்து அட்டையைக் குப்பையில் போடலாம். இரும்புப் பட்டையை அப்படிப் போட முடியாது. அட்டையில் சரியாக வந்தபிறகு அதைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்துக்கு வரைய வேண்டும். திருப்ப மறந்துவிட்டு இரண்டு இடதுபக்க பிராக்கெட் செய்து முடித்துவிட்டு, கையில் வைத்துக்கொண்டு முழிப்பது இந்தத் தொழிலின் தீட்சை மாதிரி.

என்ன இரும்பு? சாதாரண மைல்டு ஸ்டீல் பட்டை, 5 அல்லது 6 மி.மீ. கனம், இரண்டு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் மேலே. 3 மி.மீ. போதாதா என்று கேட்கலாம். பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அதாவது கனம் இரண்டு மடங்கானால் வளையாமல் நிற்கும் பலம் எட்டு மடங்கு. நீளத்திலும் இதே கணக்கு எதிர்த்திசையில் வேலை செய்யும். கை இரண்டு மடங்கு நீண்டால் நுனியில் தொங்கும் அதே எடை எட்டு மடங்கு அதிகம் வளைக்கும். கடையில் மாட்டிப் பார்க்கும்போது கல் மாதிரி நிற்கிற பம்பர், மேடு பள்ளத்தில் போனால் தாடை நடுங்குகிற மாதிரி ஆடுவது இதனால்தான். பட்டை ஒரு திசையில் பலம், இன்னொரு திசையில் காகிதம். மூலையில் ஒரு சின்ன முக்கோணத் தகடு வைத்து வெல்டு அடித்தால் ஆட்டம் நிற்கும்.

மடிக்கும்போது கூர்மையாக மடிக்கக்கூடாது, வெளிப்பக்கம் விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல் இரண்டு வருஷம் குலுங்கிய பிறகு ஒருநாள் முழுசாகும். உள்வளைவு குறைந்தது பட்டையின் கனம் அளவுக்காவது இருக்கட்டும். மடிப்பில் ஒரே ஒரு டிகிரி பிசகினாலும் ஓரடி தள்ளி 5 மி.மீ. விலகிவிடும். அதனால்தான் விவரமானவர்கள் பிராக்கெட்டை இரண்டு துண்டாகச் செய்கிறார்கள். ஒன்றில் போல்டு ஓட்டை மேலும் கீழுமாக நீளமாக இருக்கும், இன்னொன்றில் குறுக்காக. நாலு பக்கமும் நகர்த்தி, இடைவெளி பார்த்து, முறுக்கிவிடலாம். ஆனால் நீள ஓட்டை என்பது நழுவவும் வழி. இடம் முடிவானதும் தடித்த வாஷரை அந்த இடத்திலேயே வெல்டு வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

வண்டியில் வைத்தபடியே இரண்டு மூன்று பொட்டு டேக் அடித்து, கழற்றி, மேஜையில் வைத்து முழு வெல்டு போடுவதுதான் வழக்கம். 280இசட்டில் பாஷ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டர் இருக்கிறது, பேட்டரி வயரைக் கழற்றாமல் வெல்டிங் ராடைத் தொடாதீர்கள். பெட்ரோல் டேங்க் பின்னால் இருப்பதால் பின்பக்கத்துக்கு அந்த டேக்கும் வேண்டாம், அளவெடுத்து வெளியே செய்வதே மேல். துத்தநாகம் பூசிய பட்டையில் வெல்டு அடித்தால் வரும் வெள்ளைப் புகை ராத்திரி குளிர் ஜுரத்தில் படுக்க வைக்கும். குரோம் பூச்சின் மேல் நேராக வெல்டு அடிப்பது அதைவிட மோசம், அந்தப் புகையில் புற்றுநோய் சமாச்சாரம் இருக்கிறது.

இதுவரை சொன்னது கைவேலை. இந்தக் கூட்டத்தில் ரொம்பப் பேர் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது.

அந்த அசிங்கமான பம்பர் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. 1,300 கிலோ வண்டி, மணிக்கு 8 கி.மீ. வேகம், உருளை 6 செ.மீ. உள்ளே போய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் வண்டி தாங்கும் சராசரி விசை சுமார் 5 டன் எடைக்குச் சமம். இப்போது உருளை இல்லை, நல்ல கனமான இரும்பு பிராக்கெட். அதே முட்டலில் 1 செ.மீ.க்குள் வண்டி நின்றால் 30 டன்னுக்கு மேல். பிராக்கெட் வளையாது சார், சூப்பர் ஸ்ட்ராங் என்று பெருமைப்படலாம். அது வளையாவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கிற சேசிஸ் ரெயில் வளையும். பிராக்கெட் நூறு ரூபாய்ச் சாமான், ரெயில் வளைந்தால் காரே போச்சு. 10 மி.மீ. பட்டை போடுகிறவர்களைப் பார்த்து அனுபவஸ்தர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதற்குத்தான். ஓட்டும்போது ஆடக்கூடாது, முட்டினால் முதலில் வளைய வேண்டியதும் அதுவேதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு கனத்தைப் பிடிப்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

இதற்கு நேர் எதிர் ஆபத்தும் உண்டு. மெல்லிய தகட்டில் நாலு ஓட்டை போட்டு மாட்டி, நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் பம்பர் ஒரு பக்கம் கழன்று தொங்கினால், அடி வாங்குவது பின்னால் வருகிற பைக்காரர். அவர் 240இசட் ரசிகராகக்கூட இருக்கமாட்டார்.

தெரிந்தே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பார்க்கிங்கில் யாராவது உரசினால் செலவு தன் தலையில் என்று ஒத்துக்கொண்டு, இன்சூரன்ஸ்காரரிடம் பம்பர் மாற்றியதைச் சொல்லிவிட்டு, மாட்டிய முதல் மாதம் வாராவாரம் நட்டை முறுக்கிப் பார்த்து, பெயின்ட் கோடு போட்டு நழுவுகிறதா என்று கவனித்து ஓட்டுகிறார்கள். பழைய உருளை போன பிறகு பாடியில் தெரியும் ஓட்டைகளுக்குத் தகடு வைத்து, உள்ளே மெழுகு அடித்து மூடுகிறார்கள். வெல்டு சூட்டில் உள்பக்க பெயின்ட் எரிந்த இடத்தில்தான் அடுத்த துரு பிறக்கும்.

கழற்றிய பம்பரை என்ன செய்வார்கள் என்கிறீர்களா? பாதிப் பேர் இரும்புக் கடைக்குப் போட்டார்கள். மீதிப் பேர் பழைய போர்வையில் சுற்றி, போல்டுகளை டப்பாவில் போட்டு எந்தப் பக்கத்துது என்று எழுதி, கராஜ் பரணில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு விற்கும்போது 'ஒரிஜினலா?' என்று கேட்கிற ஆள் ஒருவன் வருவான்.